தன் கடன், என் கடன்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன், தம்பி. எழுந்து போய் ஒரு கோப்பி கலந்து குடித்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தேன். மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு ஜார்ஜ் டவுனில் மாரியம்மன் கோயில் பக்கம் உங்கள் அப்பா காலத்துப் பூக்கடை. இருபத்தாறு ஆண்டாக நீங்கள் மாலை கட்டுகிறீர்கள். 2019இல் மணவறை அலங்காரமும் செய்யலாம் என்று கடன் வாங்கி வேன் எடுத்தீர்கள். அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்தது. அப்போது ஏறிய கடன் இன்னும் இறங்கவில்லை. போதாததற்கு மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், வந்துவிடுங்கள் என்று மைத்துனர் கூப்பிடுகிறார். கடைசியில், தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள்: "சாமிக்கு இத்தனை மாலை கட்டிய கைக்கு இதுதான் கூலியா? கோயிலை ஒட்டித்தான் கடை, உள்ளே போய் எட்டு மாதம் ஆகிறது. தொழிலை விட்டால் சாமிக்குத் துரோகமா? சாமி மேல் கோபப்பட்டால் பாவமா?"

நான் சாமியார் அல்லன். இந்தத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டு பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்தவை அந்தப் பாட்டுகளும் அவற்றைப் பாடியவர்களின் கதைகளும்தான். அங்கே நின்றுகொண்டுதான் பதில் சொல்ல முடியும். கோபத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதற்கு நம் பெரியவர்கள் நிறைய இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு உறுத்தியது 'கூலி' என்று நீங்கள் எழுதிய சொல்.

"என் கடன் பணி செய்து கிடப்பதே" என்ற வரியைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார். மண்டபச் சுவரில் இருக்கும், சங்கத்து ஆண்டு மலரில் இருக்கும். யாராவது பணி ஓய்வு பெற்றால் பொன்னாடையோடு அந்த வரியையும் சேர்த்துப் போர்த்திவிடுவார்கள். எனக்கும் போர்த்தினார்கள். அதற்கு முந்திய வரியை யாரும் சுவரில் எழுதுவதில்லை. "தன் கடன் அடியேனையும் தாங்குதல்." கடம்பூர்க் கரக்கோயிலில் அப்பர் பாடியது. சேர்த்துப் படியுங்கள். என்னையும் தாங்குவது அவன் கடன். பணி செய்துகொண்டே கிடப்பது என் கடன். 'அடியேனையும்' என்பதில் இருக்கிற அந்த 'உம்' எனக்கு மிகவும் பிடித்தது. உலகத்தையே தாங்குகிறவன் இந்த ஒருவனையும் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று உரிமையோடு எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. சூலை நோயில் குடல் முறுக்கிக் கிடந்தவர், சுண்ணாம்புக் காளவாயான நீற்றறையில் ஏழு நாள் பூட்டப்பட்டவர், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர் எழுதியது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய வரி என்றால் நான் உங்களிடம் சொல்லத் துணிய மாட்டேன்.

கடன் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு முகம். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கடன், செய்தே தீர வேண்டிய வேலையும் கடன். இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் நமக்குச் சாமியோடு தகராறு வருகிறது. உங்கள் கடையிலிருந்து நாலு எட்டு நடந்தால் பினாங்குத் தெரு. பழையவர்கள் கிட்டங்கித் தெரு என்பார்கள். செட்டியார்கள் வரிசையாகப் பெட்டியடியில் உட்கார்ந்து கொடுத்து வாங்கிய இடம். அங்கே பற்று வரவில் ஒரு காசு பிசகாது. மகமை என்று கோயிலுக்கு ஒரு பங்கை ஒதுக்கிப் பேரேட்டில் எழுதிவைப்பதும் அவர்கள் வழக்கம். ஆனால், கோயில் எங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பாக்கி என்று யாரும் ஒரு பக்கம் திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வட்டிக்கு வட்டி கணக்குப் பார்த்தவர்களே அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. நீங்களும் நானும் திறந்துவிடுகிறோம்.

நானும் திறந்தவன்தான். 1997இல் வட்டாரம் முழுவதும் பணம் சரிந்ததே, நினைவிருக்கும். மறு ஆண்டு செப்டம்பரில் டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று அரசாங்கம் கட்டிவைத்தது. அந்தச் சரிவுக்குச் சில மாதம் முன்னால்தான் லாரி வாங்கிய நண்பர் ஒருவருக்காக நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். லாரி ஓடவில்லை. நண்பர் ஊரில் இல்லை. தவணை என் தலையில் விழுந்தது. ஒன்பது ஆண்டு கட்டினேன். அந்த நாளில் நான் செய்த காரியம், தேவாரம் பாடுவதை நிறுத்தியது. தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் தலை வைக்கவில்லை. இருபது ஆண்டு உனக்குப் பாடினேனே, எனக்கு இப்படிச் செய்யலாமா என்று முருகனோடு மௌனமாக ஒரு வழக்கு. ஓராண்டு ஆன பிறகு ஒரு நாள் மீன் அரிந்துகொண்டே என் மனைவி கேட்டாள்: "கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இப்போது மட்டும் அவரை ஏன் இழுக்கிறீர்கள்?" கத்தியைக்கூட அவள் கீழே வைக்கவில்லை. எனக்குப் பதில் இல்லை. போட்டது என் கை, திட்டு வாங்கியது அவன்.

உங்கள் கதை அப்படியே இது அன்று. வேன் எடுத்தது உங்கள் முடிவு. 2020 மார்ச் 18ஆம் தேதி நாடு முழுவதும் கதவு சாத்தப்பட்டது உங்கள் முடிவு இல்லை. கோயில் நடை சாத்தி, கல்யாணம் நின்று, மல்லிகை வருகிற விமானமும் நின்றால் பூக்காரன் என்ன செய்வான்? 2021 தைப்பூசத்துக்குக் காவடியே இல்லாமல் போனது. மனைவியின் நோய் யாரிடமும் கையெழுத்துக் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஆகவே கணக்கைப் பிரித்துப் பாருங்கள் என்கிறேன். எது நம் கை வினை, எது வந்து விழுந்தது என்று பிரித்தால் கோபத்தில் பாதி, போக வேண்டிய முகவரிக்குப் போய்விடும். மிச்சப் பாதிக்கு நியாயம் இருக்கிறது. அதைச் சாமியிடமே கொண்டு போகலாம்.

எப்படிக் கொண்டு போவது என்பதற்கு உங்கள் தொழில்காரர் ஒருவரே இருக்கிறார். எறிபத்த நாயனார் கதையை எல்லாரும் மழுவோடு நினைவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையில் வருகிற பூக்காரரை மறந்துவிடுகிறார்கள். கருவூரில் சிவகாமியாண்டார் என்ற முதியவர். விடியுமுன் குளித்து, மூச்சு பூவில் படக்கூடாது என்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூப் பறிப்பார். (முகக்கவசத்தோடு கடைத்தெருவில் நடந்த நாட்களில் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.) கூடை நிறையப் பூவோடு கோயிலுக்கு விரைகிறார். எதிரே நவமி விழாவுக்காகக் குளிப்பாட்டி அலங்கரித்த அரசனின் பட்டத்து யானை. அது கூடையைப் பறித்துப் பூவையெல்லாம் தெருவில் சிதறிவிட்டுப் போகிறது. கிழவர் தடியோடு அதன் பின்னாலேயே ஓடுகிறார். யானையின் நடைக்குக் கிழவரின் ஓட்டம் எந்த மூலைக்கு? விழுகிறார். தரையைக் கையால் அறைந்து அழுகிறார்.

அழும்போது என்ன சொல்கிறார் என்பதைச் சேக்கிழார் எழுதிவைத்திருக்கிறார். யானையின் தோலை உரித்துப் போர்த்தவனே என்று கூப்பிடுகிறார். எத்தனையோ பெயர் இருக்க, அந்த நேரத்தில் அந்தப் பெயர்! ஒரு யானையை உரித்தாயே, இந்த யானையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாயா என்ற குத்தல் அதில் இருக்கிறது. எளியவர்க்கு வலிமையானவனே என்றும் சொல்கிறார். அவன் கடனை அவனுக்கே நினைவூட்டுகிற குரல் அது. பிறகு எறிபத்தர் வந்து யானையையும் கூட வந்த ஐந்து பேரையும் வெட்டுவதும், புகழ்ச்சோழர் தன் வாளையே நீட்டி என்னையும் கொல்லுங்கள் என்பதும், எல்லாரும் உயிர்த்தெழுவதும் பெரிய கதை. முடிவில் கூடை மறுபடி பூவால் நிறைகிறது. கிழவர் கூடையை எடுத்துக்கொண்டு தம் பணியைப் பார்க்கப் போகிறார். ஊரே கூடி நிற்கிறது, அரசன் நிற்கிறான், யானை எழுந்து நிற்கிறது. அவருக்குக் கோயிலுக்கு நேரமாகிறது.

இன்னும் முரட்டு ஆள் வேண்டுமென்றால் சுந்தரர். திருவாரூரில் பரவையை மணந்தவர் ஒற்றியூருக்கு வந்து சங்கிலியாரைப் பார்த்து, அவரையும் மணக்கிறார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்கிறார். அதிலும் ஒரு தந்திரம். சத்தியம் செய்யும்போது நீங்கள் கருவறையில் இருக்க வேண்டாம், மகிழமரத்துக்குப் போய்விடுங்கள் என்று சிவனிடம் முன்கூட்டியே பேசி வைக்கிறார். சிவன் அதைச் சங்கிலியார் கனவில் போட்டுக் கொடுத்துவிட, மரத்தடியிலேயே சத்தியம் செய்ய வேண்டியதாகிவிட்டது. கொஞ்ச நாளில் ஆரூர் நினைவு வந்து கிளம்புகிறார். ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன.

தப்பு யாருடையது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அவர் பாடுகிறதைக் கேளுங்கள். வெண்பாக்கத்தில் நின்று, கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். "உளோம் போகீர்" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. இருக்கிறோம், நீர் போம். பார்வை கேட்டவருக்கு ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. அவ்வளவுதான். இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மருத்துவமனைப் பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பதில் பழக்கமானது. கேட்டது ஒன்று, கையில் வந்தது ஒரு கோல். அதை ஊன்றிக்கொண்டு காஞ்சிபுரம் போகிறார். அங்கே இடக்கண் வருகிறது. ஒற்றைக் கண்ணோடு ஆரூர் சேர்ந்து பாடுகிற பதிகத்தில்தான் முழுச் சண்டையும். நான் ஒற்றி வைத்த அடகுப் பொருள் இல்லை, விரும்பி ஆளானவன், வேண்டுமானால் என்னை விற்றுக்கொள்ளலாம் என்கிறார். குற்றம் ஒன்றும் செய்ததில்லை என்கிறார். என்ன துணிச்சல் பாருங்கள்! கண்ணைப் பறித்தீர், பழி உமக்குத்தான் வந்தது என்கிறார். மற்றக் கண்ணைத் தராவிட்டால் "வாழ்ந்து போதீரே" என்கிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் மனம் நொந்து, 'நல்லா இருங்க' என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவார்களே, அதேதான்.

இதைப் பாடியவரை நாம் தள்ளிவைக்கவில்லை. அவர் பாட்டு ஏழாம் திருமுறையாக இருக்கிறது, ஓதுவார்கள் பாடுகிறார்கள். கண் இல்லாத அந்த நாட்களில் அவர் நிறுத்தாதவை இரண்டு. நடையை நிறுத்தவில்லை, பாட்டை நிறுத்தவில்லை. வழியில் வந்த ஒவ்வொரு கோயில் வாசலிலும் நின்று சண்டை போட்டார். நான் 1998இல் செய்தது அதற்கு நேர் எதிர். சண்டை போடாமல், பேச்சையும் பாட்டையும் சேர்த்து நிறுத்தினேன். கோபத்தைவிட அந்த முகம்கோணல்தான் ஆளை அரிக்கும் என்பதை என் உடம்பே எனக்குச் சொன்னது. மறுபடி பாட உட்கார்ந்தபோது குரல் கட்டிப்போயிருந்தது. பழைய சுருதியைப் பிடிக்க ஆறு மாதம் ஆனது.

நீங்கள் எட்டு மாதமாக உள்ளே போகவில்லை என்கிறீர்கள். சரி. கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டீர்களா? இல்லையே. தினமும் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவளுக்குப் போகிற மாலையையே கட்டிக்கொண்டு, அவளோடு பேச மாட்டேன் என்கிறீர்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் சோறு மட்டும் வேளைக்குப் பரிமாறுகிற மாதிரி. அது முறிந்த உறவு இல்லை, தம்பி. உள்ளே போய்த் திட்டிவிட்டு வாருங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு யாராவது முன்வினை என்று சொல்லியிருப்பார்கள். சைவத்தில் வினைக்கு இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது ஒருவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். அப்பர் சூலையில் துடித்தபோது, நான் செய்த கொடுமை இன்னது என்று அறியேன் என்று தன்னைப் பற்றிச் சொன்னார். பக்கத்தில் நின்றவர் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுத்தவர் மனைவியின் படுக்கையருகே நின்று வினையைப் பற்றிப் பேசுகிறவருக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபித்தவர் வள்ளுவர். ஊழைப் பற்றி ஓர் அதிகாரமே எழுதிய அதே கைதான். பிறர் பட்டினிக்காகப் படைத்தவனைத் திட்டுவதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

ஏன் எனக்கு என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. இருப்பதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

அதிபத்தர் கதையையும் யாராவது சொல்லியிருப்பார்கள். நாகப்பட்டினத்து மீனவர். முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். பிறகு நாளுக்கு ஒரே மீன் என்று ஆனது. அதையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பட்டினி கிடந்தார். கடைசியில் மணி பதித்த பொன்மீன் வந்தது. ஆகவே பொறுத்திரு, உனக்கும் பொன்மீன் வரும் என்று முடிப்பார்கள். கதையைச் சரியாகப் படிக்காதவர்கள் சொல்கிற ஆறுதல் அது. அவர் அந்தப் பொன்மீனையும் கடலில்தானே விட்டார்!

தொழிலை விடுவது பற்றி. இங்கேதான் நம் ஆட்கள் பெரிய தவறு செய்கிறார்கள். அவரவர் தருமத்தில் நிற்பதே மேல் என்று கீதை சொல்கிறது. அதை எடுத்துக்கொண்டு, பிறந்த இடத்திலேயே கிட என்று பொருள் சொன்னவர்கள் உண்டு. என் அம்மா செபராங் பிறை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போன பெண்களுக்கு, இது உங்கள் தலையெழுத்து என்று சொல்வது கங்காணிக்கும் தோட்டத்து எழுத்தரான கிராணிக்கும் வசதியாக இருந்தது. தலையெழுத்து என்று நம்பிய குடும்பங்களில் மூன்று தலைமுறை அதே லயத்து வீட்டில் கழிந்தது. அதைத் தருமம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்பரே சமணத்தில் தருமசேனர் என்ற பெரிய இடத்தில் இருந்தவர். அதை விட்டு வந்து, முதிய வயதில் கோயில் முற்றத்தில் உழவாரத்தால் புல் செதுக்கினார்.

என் அப்பாவைச் சொல்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூட்டையைக் குத்தி இழுக்க ஓர் இரும்புக் கொக்கி வைத்திருப்பார். மரப்பிடி அவர் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்திருக்கும். 1969இல் பினாங்கின் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதி போனது. வேலை மெலிந்தது. வாரத்தில் இரண்டு நாள் கூப்பிட்டால் பெரிது. கூப்பிடாத நாளிலும் அந்தக் கொக்கியைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவார். துடைக்கும்போது வாய் மாரியம்மனை ஏசிக்கொண்டே இருக்கும். 1833இல் கட்டிய அந்தக் குயின் தெருக் கோயில்தான் துறைமுகக்காரர்களுக்குத் தாய்வீடு. தாயிடம் பேசுகிற பேச்சுதான் அவர் பேசியதும். பிறகு 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது. என் அக்கா அங்கே வேலைக்குப் போனார். பெண் பிள்ளையை ஃபேக்டரிக்கு அனுப்புகிறான் என்று தெருவில் பேசினார்கள். அக்கா சம்பளத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம், நான் படித்தேன். அப்பா கடைசியில் ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குப் போய்விட்டார். கொக்கி ஆணியிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் கோயில் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலையை மட்டும் துறைமுகக் காலத்திலும் செய்தார், காவல்காரக் காலத்திலும் செய்தார். எந்த வேலை அவருடைய கடன், எது வயிற்றுப்பாடு என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

உங்களுக்கும் அதுதான் கேள்வி. புகலூரில் முருக நாயனார் என்று ஒருவர் இருந்தார். கொடிப்பூ, கோட்டுப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று பிரித்துப் பறித்து, இண்டை வேறு, கண்ணி வேறு, பிணையல் வேறு, தாமம் வேறு என்று கட்டியவர். அப்பரும் சம்பந்தரும் அவர் மடத்தில் தங்கியிருக்கிறார்கள். அவர் எத்தனை முழம் விற்றார், எவ்வளவு லாபம் என்று சேக்கிழார் எழுதவில்லை, விற்கவே இல்லை. பூத்தொண்டு வேறு, பூ வியாபாரம் வேறு. உங்கள் அப்பா இரண்டையும் ஒரே கடையில் நடத்தினார், அது நடக்கிற வரைக்கும் நல்லது. இப்போது வியாபாரம் நொண்டுகிறது என்றால், வியாபாரத்தைக் குறைத்தாலும் மூடினாலும் தொண்டு மூடப்படுவதில்லை. நாளுக்கு ஒரு முழம் கட்டித் தருவதற்கு வேன் தேவையில்லை.

ஆகவே பாயான் லெப்பாஸ் வேலையைக் காகிதத்தில் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். அங்கே பற்று வரவு பார்ப்பது தவறில்லை, பார்க்கத்தான் வேண்டும். வேலை நேரம் மனைவியின் சிகிச்சை நேரத்தோடு மோதுகிறதா? அவரை யார் அழைத்துப் போய்க் கூட்டிவருவது? சேமநிதியும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியும் உண்டா? கடையிலேயே இருந்தாலும் சுயதொழிலாளருக்கான சொக்சோ திட்டம் இருக்கிறது. 2017இல் டாக்சி ஓட்டுநர்களுக்குத் தொடங்கி, பிறகு சிறு வியாபாரிகளுக்கும் விரிந்தது. நம் ஆட்களில் பலர் இன்னும் அதில் பெயர் கொடுக்கவில்லை. நீங்கள் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. வேனை விற்பது பற்றியும் யோசியுங்கள். அந்த வேனைக் காப்பாற்றத்தான் கடையே ஓடுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கணக்குப் பார்த்து, போகத்தான் வேண்டும் என்றால் தயங்காமல் போங்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை. ஒரே ஒரு காரணத்துக்காக மட்டும் போகாதீர்கள்: நீ எனக்குச் செய்யவில்லை, இனி உனக்கு மாலை கிடையாது என்று அவளைத் தண்டிப்பதற்காக. அப்படிப் போனால் தொழிற்சாலையில் உட்கார்ந்தாலும் கை நாரைத்தான் தேடும். பாட்டை நிறுத்திய ஓராண்டில் எனக்குத் தெரிந்தது அது.

போன வெள்ளிக்கிழமை மாலை நான் உங்கள் பக்கம் வந்திருந்தேன். எந்தக் கடை உங்களுடையது என்று எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. ஒரு கடையில் அறுபது வயதிருக்கும் அம்மா ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். ஈரச்சாக்கின் மேல் மல்லிகை மொட்டு. வாழைநாரின் ஒரு முனை கால் பெருவிரலில். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கண் பூவில் இல்லை, கோயில் கோபுரத்தில் இருந்தது. "உனக்குக் கண் இல்லையா தாயே, மணி ஏழாகிறது, இன்னும் பத்து முழம் அப்படியே கிடக்கிறது, வாடகையை நீ கொடுப்பாயா?" என்று சத்தமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைச் சீனப் பெரியவர் இதெல்லாம் தினமும் நடப்பதுதான் என்பதுபோலச் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா திட்டி முடிப்பதற்குள் அரை முழம் நீண்டிருந்தது. நான் மூன்று முழம் வாங்கினேன். கோயிலுக்கு என்றதும் ஒரு முழத்தை அளவுக்கு மேலேயே நீட்டி அறுத்துக் கொடுத்தார், அவள் மேல் அத்தனை கோபத்தோடு.

வரும் வெள்ளிக்கிழமையும் ஆறரை மணி வாக்கில் வருகிறேன். கோயில் வாசலில் வெள்ளை வேட்டியும் கையில் மடித்த குடையுமாக ஒரு கிழவனைப் பார்த்தால் கூப்பிடுங்கள். செவ்வந்தியும் மருக்கொழுந்தும் வைத்து எனக்கு இரண்டு முழம் கதம்பம் கட்டி வையுங்கள், காசு கொடுத்துத்தான் வாங்குவேன். கடையைப் பத்து நிமிடம் பக்கத்தில் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாம் இரண்டு பேரும் உள்ளே போவோம். நான் பாட வேண்டியதைப் பாடிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.